மூன்று வாரம் என்றால் மூன்று வாரம்தான்: குடும்ப வன்முறை ஆய்வாளர்களுக்கான பயிற்சித் தொகுப்பு பற்றி ஒரு மதிப்பீடு

குடும்ப வன்முறையைப் பற்றி ஆய்வு செய்யப் போகும் குழு எதுவானாலும், பயிற்சிக்கு என்ன இருக்கிறது என்று தேடினால் கைக்கு வருவது கிட்டத்தட்ட ஒரே தொகுப்புதான். உலக சுகாதார நிறுவனம் 2001-ல் வெளியிட்ட அறநெறி, பாதுகாப்புப் பரிந்துரைகள். அதே நிறுவனமும் பாத் என்ற பன்னாட்டுச் சுகாதார அமைப்பும் சேர்ந்து 2005-ல் வெளியிட்ட ஆய்வாளர் கையேடு. 2011-ன் உளவியல் முதலுதவி வழிகாட்டி. பாதிக்கப்பட்ட பெண்களைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கான 2014 கையேடு. தலையீட்டு ஆய்வுகளுக்கென்று 2016-ல் வந்த இணைப்பு. இவற்றோடு மனக்காயத்தையும் மீண்டெழும் திறனையும் அளக்கும் நாலைந்து வினாத்தாள்களும் ஒட்டிக்கொண்டு வரும். நூல்கள் எல்லாமே இணையத்தில் இலவசம். வினாத்தாள்களில் சிலவற்றுக்கு மட்டும் அனுமதி வாங்க வேண்டும், கட்டணமும் உண்டு.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாதுகாப்புப் பகுதிக்கு நிகரில்லை. கேள்வி கேட்கப் பழக்கும் பகுதி, நாள்களைக் குறைக்காமல் நடத்தினால், மிக நன்று. மனக்காயத்தைப் பற்றிய பகுதி பாதிக் கிணறு. மீண்டெழும் திறனைப் பற்றி நூல்களில் பேச்சே இல்லை என்று சொல்லிவிடலாம்; அளவுகோல்கள் இருக்கின்றன, அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது என்று கற்றுத்தர யாரும் இல்லை.

நாள்களைக் குறைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 10 நாடுகளில் 24,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சந்தித்த உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வில் பேட்டியாளர்களுக்கு மூன்று வாரப் பயிற்சி என்பது பொது விதி. செர்பியாவில் மட்டும் ஒரே ஆய்வில் இரண்டு வகைப் பேட்டியாளர்கள் இறங்கினார்கள். முன்அனுபவம் இல்லாவிட்டாலும் கவனமாகத் தேர்ந்தெடுத்து முழுப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம். கணக்கெடுப்பையே தொழிலாகக் கொண்ட, ஒரு நாள் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் மறுபக்கம். முதல் வகையினரிடம் பேட்டிக்கு இசைந்தவர்கள் 93 சதவீதம், இரண்டாம் வகையினரிடம் 86. வன்முறை நடந்தது என்று வாய்திறந்து சொன்னவர்கள் 26 சதவீதம், 21 சதவீதம். வினாத்தாளும் ஊரும் ஒன்றே. மாறியது கேட்ட ஆள்தான்.

நிகராகுவாவின் கணக்கு இன்னும் கண்ணைத் திறக்கும். 1990-களில் அங்கே மூன்று ஆய்வுகள் நடந்தன. வன்முறைக்கென்றே வடிவமைத்த லியோன், மனாகுவா ஆய்வுகளில், துணைவரிடம் எப்போதாவது அடி வாங்கியதாகச் சொன்ன பெண்கள் 52 சதவீதமும் 69 சதவீதமும். பெரிய மக்கள்தொகைச் சுகாதாரக் கணக்கெடுப்பின் ஒரு மூலையில் இதே கேள்வியைச் சேர்த்துக் கேட்டபோது கிடைத்தது 28 சதவீதம். இந்த இடைவெளிக்கு ஆய்வாளர்கள் பெரிதும் காரணம் காட்டியது பேட்டி தனிமையில் நடந்ததா என்பதையும் பேட்டியாளரின் பயிற்சியையும் கேள்வி அமைப்பையும்தான். 'செலவைக் குறைக்க மூன்றே நாளில் முடித்துக்கொள்ளலாம்' என்று திட்ட அலுவலர் சொல்லும்போது இந்த மூன்று எண்களையும் மேசையில் வையுங்கள். குறைவாகப் பதிவான வன்முறை, குறைவாக நடந்த வன்முறை என்று அறிக்கையில் ஏறிவிடும்.

மூன்று வாரத்தில் என்ன நடக்கிறது

முதல் இரண்டு மூன்று நாள்கள் பேச்சுதான். வன்முறை என்று எதைச் சொல்கிறோம், யார் மீது பழி போடுகிறோம், 'அவள் வாய் சும்மா இருந்திருந்தால்' என்ற எண்ணம் நமக்குள்ளேயே எங்கே ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம். இந்த நாள்களைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டியதன் விலை களத்தில் தெரியும். 'சண்டையின்போது தள்ளிவிட்டாரா?' என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் 'சின்னச் சின்னச் சண்டை எல்லா வீட்டிலும் இருக்கும்தானே' என்று பேட்டியாளர் ஒரு வாக்கியம் போட்டால் போதும், அந்தப் பெண் 'ஆமாம், பெரிதாக ஒன்றும் இல்லை' என்று கதவைச் சாத்திவிடுவார். எந்தத் தரவுச் சரிபார்ப்பிலும் இந்தப் பிழை பிடிபடாது.

இந்த நாள்களில் இன்னொன்றும் நடக்கும். பயிற்சிக்கு வந்தவர்களிலேயே சிலர் இதை அனுபவித்தவர்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ யாராவது ஒருவர் உடைந்துபோவார், அல்லது காரணம் சொல்லாமல் அடுத்த நாள் வராமல் இருப்பார். பயிற்சி அறையை விட்டு எழுந்து போகக் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதை முதல் மணி நேரத்திலேயே அறிவித்துவிட வேண்டும். பேட்டி எடுப்பதிலிருந்து தரவுப் பதிவு, ஒருங்கிணைப்பு போன்ற வேறு வேலைக்குச் சம்பளம் குறையாமல் மாறிக்கொள்ளும் வழியும் இருக்க வேண்டும். 2005 கையேடு இந்தச் சங்கடத்தை நேராகப் பேசுகிறது. நாங்கள் பார்த்த மற்றப் பயிற்சி ஏடுகளில் இது அரிது.

அடுத்த வாரம் வினாத்தாள், வரி வரியாக. கேள்விகள் செயலைச் சொல்லிக் கேட்கும். 'உங்களைக் கொடுமைப்படுத்தினாரா?' என்று இருக்காது. 'அறைந்தாரா, உங்கள் மேல் எதையாவது எறிந்தாரா?', 'கழுத்தை நெரித்தாரா, வேண்டுமென்றே சூடு வைத்தாரா?' என்று இருக்கும். இந்த உத்திக்கு மூலம் சமூகவியலாளர் முர்ரே ஸ்ட்ராஸ் 1979-ல் வெளியிட்ட மோதல் உத்திகள் அளவுகோல். அதன் 1996 திருத்தத்தில் 39 கேள்விகள். 'அவர் உங்களுக்குச் செய்தது', 'நீங்கள் அவருக்குச் செய்தது' என்று இரண்டு முறை கேட்பதால் 78. அதன் குறையும் இந்த இரட்டைக் கணக்கிலேயே இருக்கிறது. தடுக்கக் கை ஓங்கியதும் தாக்கக் கை ஓங்கியதும் ஒரே பெட்டியில் ஒரே டிக். யார் பயந்தார், யார் காயப்பட்டார், யாருக்கு வெளியே போக வழியில்லை என்பதைத் தனியாகக் கேட்காவிட்டால் 'இருவரும் சமமாக அடித்துக்கொள்கிறார்கள்' என்ற முடிவு தானாக விழும். காயம் பற்றிய பகுதியைத் திருத்தத்தில் சேர்த்தார்கள். அச்சம், கட்டுப்பாடு பற்றிய கேள்விகளை ஆய்வாளர்தான் சேர்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கு இந்தத் தொகுப்பு 'மொழிபெயர், மீள்மொழிபெயர், ஒப்பிடு' என்ற வழக்கமான மூன்று படிகளைத் தருகிறது. தமிழுக்கு அது போதாது. 'உடல்ரீதியான துன்புறுத்தல்' என்பது மீள்மொழிபெயர்ப்பில் அப்பழுக்கில்லாமல் தேறிவிடும், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'கை நீட்டுவார்', 'கோபம் வந்தால் கண்ணுமண்ணு தெரியாது', 'ரெண்டு தட்டுத் தட்டுவார்' என்றுதான் வரும். இதில் 'தட்டுவார்' என்பது தோளில் தட்டுவதா கன்னத்தில் அறைவதா என்று பேட்டியாளர் தானாக முடிவு செய்யக் கூடாது. 'எப்படி, கையாலா, வேறு எதனாலுமா?' என்ற ஒரே ஒரு துணைக்கேள்வி போதும். 'அடித்தாரா?' என்ற சொல்லுக்கு 'இல்லை' என்றவர் 'அறைந்தாரா?' என்றால் 'ஆமாம்' என்பார். 'அடி' என்றால் பலருக்குக் கட்டையோ பெல்ட்டோ வந்தால்தான் கணக்கு. அதனால் ஒவ்வொரு கேள்வியையும் எட்டுப் பத்துப் பேரிடம் படித்துக் காட்டி, 'இதைக் கேட்டதும் உங்கள் மனதில் என்ன வந்தது?' என்று விசாரித்த பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

நடித்துப் பழகுவதுதான் இந்தத் தொகுப்பின் உயிர். மூன்று மூன்று பேராகப் பிரிக்க வேண்டும்: கேட்பவர், பதில் சொல்பவர், கவனிப்பவர். 20 நிமிடம் பேட்டி, 10 நிமிடம் கவனிப்பவர் கண்டதைச் சொல்வது, பிறகு இடம் மாறுவது. ஒரு சுற்று முடிய 90 நிமிடம். களத்துக்குப் போவதற்கு முன் ஒவ்வொருவரும் ஆறு முழுப் பேட்டிகளாவது நடித்திருக்க வேண்டும், அவற்றில் இரண்டைப் பயிற்றுநர் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பது எங்கள் அளவு. நடிப்பில் சிக்கல்களை வேண்டுமென்றே புகுத்துங்கள். நடுவில் கணவர் வந்து உட்காருகிறார். பேசுபவர் அழவில்லை, சிரிக்கிறார். 'உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?' என்று திருப்பிக் கேட்கிறார். கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருக்கிறது, எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்கிறார். 'என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க' என்கிறார்.

புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடங்கள் உண்டு. மௌனத்தைத் தாங்க மாட்டார்கள். இரண்டு விநாடி அமைதி வந்தால் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள். ஐந்துவரை மனதுக்குள் எண்ணச் சொல்லிப் பழக்கினால் போதும். 'ஐயையோ' என்று சொல்லிவிடுவார்கள். தான் சொன்னது மற்றவரைப் பதற வைக்கிறது என்று தெரிந்ததும் எதிரே இருப்பவர் கதையைச் சுருக்கிவிடுவார். எல்லாவற்றையும் விடக் கெட்டது 'ஏன் இன்னும் அங்கேயே இருக்கீங்க?' என்ற கேள்வி. அக்கறையில்தான் கேட்பார்கள், பதில் சொல்பவர் காதில் அது குற்றச்சாட்டாக விழும். வினாத்தாளில் இல்லாத 'ஏன்' எதுவும் வாயிலிருந்து வரக் கூடாது என்று ஒரு விதி போட்டுவிடுவது நல்லது.

பாதுகாப்பு: ஐந்துக்கு ஐந்து

2001 பரிந்துரைகள் ஒரு சிறிய ஏடுதான். அதில் உள்ள ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஏதோ ஓர் ஊரில் ஏதோ தப்பாய்ப் போயிருக்கிறது என்பது படிக்கும்போதே தெரியும்.

ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே பேட்டி. தகுதியுள்ளவர்கள் மூவர் இருந்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவரை எடுக்க வேண்டும். இரண்டு பேரிடம் கேட்டால் என்ன கேட்டார்கள் என்பது அன்று இரவே வீட்டுக்குள் பரவிவிடும். அதே வீட்டு ஆண்களிடம் வன்முறை பற்றிக் கேட்கவே கூடாது. ஆய்வுக்கு வெளியே சொல்லும் பெயர் 'பெண்கள் உடல்நலமும் வாழ்க்கை அனுபவமும்' என்பதுபோல் இருக்க வேண்டும். ஆனால் பேட்டி கொடுப்பவரிடம் தனியாக இருக்கும்போது உண்மையான பொருளைச் சொல்லி, வன்முறைப் பகுதி தொடங்கும் முன் இன்னொரு முறை சம்மதம் கேட்க வேண்டும். பொதுப் பெயரை அவரிடமும் காப்பாற்றிக்கொண்டு போனால் அது ஏமாற்று. இந்த இரண்டையும் பயிற்சியில் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்.

பேட்டி நடக்கும் இடத்தில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகூட இருக்கக் கூடாது. கேட்டவுடன் மிகையாகத் தோன்றும். மூன்று வயதுப் பிள்ளை சாயங்காலம் அப்பாவிடம் 'அம்மா அழுதா' என்று சொல்லும், அவ்வளவுதான் காரணம். யாராவது உள்ளே வந்தால் தாவிச் செல்ல ஒரு மாற்றுத் தாள் வேண்டும்: உடல்நலம், தூக்கம், மருத்துவமனைக்குப் போவது போன்ற சாதுவான கேள்விகள் பத்துப் பன்னிரண்டு. தாளை மாற்றுவதைத் தனிப் பயிற்சியாகவே செய்ய வேண்டும். காலடிச் சத்தத்துக்கும் 'தலைவலி அடிக்கடி வருமா?' என்ற கேள்விக்கும் இடையே மூன்று விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. குரலும் மாறக் கூடாது. தாளை மாற்றிவிட்டுக் கிசுகிசுப்பாகவே பேசிக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்வது அந்தப் பெண்.

கொடுத்துவிட்டு வரும் உதவிச் சீட்டு உள்ளங்கைக்குள் மடங்க வேண்டும். அதில் சுகாதார நிலையம், தடுப்பூசி, சட்ட உதவி என்று பலவற்றோடு பாதுகாப்பு இல்லமும் ஒன்றாக இருக்க வேண்டும். 'அடி வாங்கினால் அழையுங்கள்' என்று தலைப்பு போட்ட சீட்டு வீட்டில் கண்டெடுக்கப்பட்டால் இன்னொரு அடி. சிலர் வாங்கிக்கொள்ள மாட்டார்கள், வற்புறுத்தக் கூடாது. அச்சடிக்கும் முன் ஒவ்வொரு எண்ணையும் ஒருவர் அழைத்துப் பார்க்க வேண்டும், முடிந்தால் நேரில் போய் வர வேண்டும், களப்பணி நீண்டால் மாதம் ஒருமுறை மறுபடியும். இயங்காத எண்ணைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல்.

குழந்தை வதை பற்றித் தெரிய வந்தால் புகார் செய்யச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா என்பதை அந்தந்த இடத்துச் சட்டத்தைப் பார்த்து முன்பே தீர்மானிக்க வேண்டும். கட்டாயம் என்றால், 'நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம்' என்ற வாக்கியம் சம்மதப் படிவத்தில் இருக்கவே கூடாது. எதைச் சொல்ல மாட்டோம், எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பேட்டிக்கு முன்பே பிரித்துச் சொல்வதுதான் நேர்மை.

பன்னாட்டு ஆய்வு கையாண்ட ஒரு எளிய உத்தியை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். சிறுவயதுப் பாலியல் வன்முறை பற்றி வாயால் கேட்பதோடு நிறுத்தாமல், பேட்டியின் கடைசியில் இரண்டு முகங்கள் வரைந்த அட்டையைக் கொடுத்தார்கள். நடந்திருந்தால் அழும் முகத்தில் குறி, இல்லையென்றால் சிரிக்கும் முகத்தில். குறித்ததைப் பேட்டியாளர் பார்ப்பதில்லை. எழுத்துத் தெரியாதவருக்கும் இது போதும். பல இடங்களில் வாயால் சொன்னவர்களைவிட அட்டையில் குறித்தவர்கள் அதிகம்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். இவை எல்லாம் காகிதக் காலத்து விதிகள். இன்று பேட்டி டேப்லட்டில் நடக்கிறது. பல செயலிகள் பேட்டி நடந்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியைத் தானாகவே பதிவு செய்யும். அதை அணைக்காவிட்டால் பெயரை நீக்கி என்ன பயன், வீடே வரைபடத்தில் நிற்கும். ஒலிப்பதிவை அன்றன்று மறையாக்கம் செய்து ஏற்றிவிட்டுக் கருவியிலிருந்து அழிக்க வேண்டும். தொலைபேசிப் பேட்டி என்றால் பதில்கள் 'ஆம், இல்லை' என்ற அளவில் முடியும்படி கேள்விகளை மாற்ற வேண்டும். 'தவறான எண்' போன்ற ஓர் அடையாளச் சொல்லை முதலிலேயே பேசி வைத்துக்கொண்டு, அதைக் கேட்டதும் துண்டித்துவிட வேண்டும். திரும்ப அழைக்கக் கூடாது, அவராக அழைக்கட்டும். இதற்கெல்லாம் 2005 நூலில் இடம் இல்லை, தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

மனக்காயம்: பாதிக் கிணறு

வழக்கமாகக் கொடுக்கப்படுவது, மனக்காயத்துக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறின் (பிடிஎஸ்டி) அறிகுறிகளை அளக்கும் பிசிஎல்-5 வினாத்தாள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம்-5 கூறும் 20 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 80. 31 முதல் 33-க்குள் ஏதாவது ஒரு புள்ளியை எல்லையாக வைத்து 'பிடிஎஸ்டி இருக்க வாய்ப்புண்டு' என்று எடுத்துக்கொள்வார்கள். வாய்ப்பு என்ற சொல் அறிக்கை எழுதும்போது காணாமல் போய், '33-க்கு மேல் வாங்கியவர்கள் நோயாளிகள்' என்று ஆகிவிடுகிறது. எல்லைப் புள்ளி வேறொரு மக்களிடம் கணக்கிடப்பட்டது, நோயை உறுதிசெய்யத் தனி மருத்துவ நேர்காணல் வேண்டும் என்ற இரண்டு வரியைப் பயிற்சி ஏட்டில் கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்த அளவுகோலுக்கு ஆபத்து முடிந்துபோன ஒன்று. குடும்ப வன்முறையில் பலருக்கு அது முடியவில்லை. மாலை ஆறு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டதும் உடம்பு இறுகுவதை 'மிகை விழிப்பு' என்று 4 போடுகிறோம். அவர் உண்மையிலேயே ஆறு மணிக்கு வருகிறார், வந்தால் அடிக்கிறார் என்றால் அது அறிகுறியா, புத்திசாலித்தனமா? 'இப்போதும் அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்களா, கடைசியாக எப்போது நடந்தது?' என்ற இரண்டு கேள்விகளை முன்னால் வைத்து, பகுப்பாய்வில் இரு பிரிவினரையும் பிரித்துப் பார்த்தால்தான் அந்த மதிப்பெண்ணுக்குப் பொருள். நீண்ட நாள் கொடுமைக்கு, 2022 முதல் நடைமுறையில் உள்ள, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 தனியாக அங்கீகரிக்கும் சிக்கலான பிடிஎஸ்டி இன்னும் பொருந்தும். உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, தன்னைப் பற்றிய தாழ்வு, உறவுகளில் ஒட்ட முடியாமை ஆகிய மூன்றையும் அது கூடுதலாகப் பார்க்கிறது.

சிறுவயதில் பட்ட துன்பங்களைக் கணக்கிட ஏஸ் பட்டியல். 1998-ல் மருத்துவர்கள் ஃபெலிட்டியும் அண்டாவும் வெளியிட்ட முதல் கட்டுரையில் 9,508 பேர், ஏழு வகைத் துன்பங்கள், பிறகு பத்தாயின. ஆம் என்றால் 1. ஒரே ஒரு நாள் நடந்ததும் பத்து வருடம் நடந்ததும் அதே 1. பெரும் மக்கள் தொகையில் போக்குகளைப் பார்க்க இது அருமையான கருவி. ஒரு மனிதரைப் பார்த்து 'உங்கள் மதிப்பெண் 6, ஆகையால்' என்று தொடங்கும் வாக்கியத்துக்கு இது ஆதாரமே இல்லை. இப்படிப் பயன்படுத்தாதீர்கள் என்று 2020-ல் அண்டாவே சக ஆய்வாளர்களோடு எழுத வேண்டி வந்தது.

பயிற்சியில் சொல்லாமல் விடுவது: மனக்காயம் பட்டவரின் நினைவு வரிசையாக வராது. தேதி முன்பின்னாகும், ஒரே நிகழ்ச்சி இரண்டு விதமாக வரும். புதிய பேட்டியாளர் 'முதலில் வேறு மாதிரி சொன்னீங்களே' என்று திருத்தப் போவார். திருத்த வேண்டாம். காலம் முக்கியம் என்றால் பிள்ளை பிறந்தது, வீடு மாறியது போன்ற உறுதியான புள்ளிகளைத் தாளில் கோடு போட்டு வரைந்துகொண்டு, 'இதற்கு முன்பா, பின்பா?' என்று கேட்டால் போதும். உணர்ச்சியே இல்லாத குரலில் பெரிய கொடுமையைச் சொல்பவரைப் பார்த்து 'பாதிப்பு இல்லை' என்று குறிப்பு எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. மரத்துப்போவதும் பாதிப்பின் ஒரு முகம்தான்.

உளவியல் முதலுதவியின் 'பார், கேள், இணை' என்ற மூன்று சொல்லைப் பேட்டியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், அரை நாள் போதும். அது ஆலோசனை அல்ல. நடந்ததை விவரமாகச் சொல்ல வைப்பதும் அல்ல. 2014 கையேட்டின் ஐந்து படிகளில் கேட்பது, விசாரிப்பது, 'இது உங்கள் தவறில்லை' என்று ஏற்பது ஆகிய மூன்றையும் பேட்டியாளர் செய்யலாம். பாதுகாப்பைக் கூட்டுவதும் உதவியோடு சேர்ப்பதும் மேற்பார்வையாளரின் வேலை. இந்தக் கோட்டை வரையாவிட்டால் நல்ல மனசுள்ள பேட்டியாளர்கள்தான் முதலில் சிக்கிக்கொள்வார்கள். தன் சொந்த தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வருவார்கள். 2014-ல் அமெரிக்க அரசின் மனநல அமைப்பான சாம்சா வெளியிட்ட, ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் நான்கு சொற்களும் ஆறு கோட்பாடுகளும் கொண்ட ஏடும் சில பயிற்சிகளில் சேர்க்கப்படுகிறது. நல்ல ஏடுதான், ஆனால் நிறுவனத் தலைவர்களுக்கு எழுதியது. சுவரில் ஒட்டலாம், பேட்டியாளருக்கு அதில் பழகிக்கொள்ள ஒன்றும் இல்லை.

மீண்டெழும் திறன்: பெயருக்கு ஒரு மணி நேரம்

கடைசி நாள் மதியம், எல்லோரும் களைத்திருக்கும்போது, ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. அதனால் 'அறிகுறி இல்லையென்றால் மீண்டெழுந்தவர்' என்ற எண்ணத்தோடு ஆய்வாளர்கள் களத்துக்குப் போகிறார்கள்.

இந்தத் துறையின் அடித்தளமே வேறு மாதிரி. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர்கள் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல இடர்கள் சேர்ந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் தேறி நல்லபடி வளர்ந்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றது குழந்தையின் சுபாவம் மட்டுமல்ல. விட்டுப்போகாத ஒரு பெரியவர், வீட்டுக்கு வெளியே ஓர் இடம் ஆகியவையும்தான். சிறுவயதில் தேறாதவர்களிலும் பலர் முப்பது வயதுக்குப் பிறகு நிமிர்ந்தார்கள். ஒரே நாளில் ஒரே வினாத்தாளில் இதைப் பிடிக்க முடியாது என்பது இதிலிருந்து தானாகத் தெரிகிறது.

கையில் கிடைக்கும் அளவுகோல்களில் கானர்-டேவிட்சன் (2003, 25 கேள்விகள், மொத்தம் 100) பரவலானது. அனுமதியும் கட்டணமும் தேவை. சுருக்க மீண்டெழும் திறன் அளவுகோல் என்ற வேறொன்றுக்கு 6 கேள்விகள்தான், இலவசம். ஆனால் அவற்றில் மூன்று எதிர்மறைக் கேள்விகள். 'எனக்கு மீண்டு வர நாளாகும்' என்பதற்கு 'இல்லை' என்றால் நல்லதா கெட்டதா என்று பதில் சொல்பவருக்கும் குழப்பம், குறிப்பவருக்கும் குழப்பம். தரவு வந்தபின் கேள்விகளின் உள்ளிணக்கம் (பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) சரிந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூன்றைத்தான்: மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்திருப்பார்கள், அல்லது மொழிபெயர்ப்பு கவிழ்ந்திருக்கும். பந்துபோல் துள்ளி எழுவது என்ற ஆங்கில உவமையை அப்படியே எடுத்துக்கொண்ட தமிழாக்கங்களும் உலவுகின்றன. தமிழில் துள்ளுவது திமிர். 'தேறி வருவது', 'நிமிர்வது', 'தாக்குப்பிடிப்பது' மூன்றும் மூன்று பொருள்; தாக்குப்பிடிப்பவர் தேறியவர் அல்ல. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

இளையோருக்கு எங்கள் பரிந்துரை மைக்கேல் அங்கரின் குழு உருவாக்கிய 17 கேள்விப் பட்டியல். தனி மனிதரோடு நிற்காமல், பராமரிப்பவரோடு உள்ள உறவையும் அது தனியாக அளக்கிறது. எதை எடுத்தாலும் கூடவே திறந்த கேள்வி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'அந்த நாள்களில் உங்களுக்குக் கைகொடுத்தது எது, யார்?' யாருமில்லை என்ற பதிலும் தரவுதான். முக்கியமாக, குறைந்த மதிப்பெண் எடுத்தவரை 'மனவலிமை குறைந்தவர்' என்று எழுதிவிடாதீர்கள். அடிக்கிறவரை விட்டுவிட்டு அடி வாங்கியவருக்கு மதிப்பெண் போடும் வேலையாகிவிடும் அது.

பேட்டியாளரைப் பார்த்துக்கொள்வது

2005 நூல் இதைச் சொல்கிறது, போதுமான அளவு சொல்லவில்லை. பிறர் துயரத்தைத் தொடர்ந்து கேட்பவரின் மனமும் மாறும் என்பதை உளவியலாளர்கள் மெக்கான், பேர்ல்மன் இருவரும் 1990-லேயே எழுதிவிட்டார்கள். அடையாளங்கள் சாதாரணமாகவே இருக்கும்: தூக்கம் கெடுவது, தன் வீட்டு ஆண்களையே சந்தேகத்தோடு பார்ப்பது, வன்முறைப் பகுதி வரும்போது வேகமாகப் படிப்பது, மெல்ல மெல்ல 'இல்லை' பதில்கள் கூடுவது. கடைசி இரண்டும் தரவிலேயே தெரியும். மேற்பார்வையாளர் வாரம்தோறும் ஒவ்வொரு பேட்டியாளரிடமும் பதிவான 'ஆம்' விகிதத்தையும் அந்தப் பகுதிக்கு ஆன நிமிடங்களையும் பார்க்க வேண்டும். ஒருவரின் விகிதம் திடீரென்று சரிந்தால் கண்டிப்பதற்கு முன் அவர் நலமா என்று கேளுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று பேட்டிக்கு மேல் வேண்டாம். வாரம் ஒரு குழுக் கூட்டம், ஒரு மணி நேரம், இலக்கு எண்களைப் பற்றிப் பேசாமல். நடந்த கொடுமையை விவரமாகத் திரும்பச் சொல்லும் கூட்டமாக அது ஆகிவிடக் கூடாது. எது கனத்தது, எது உதவியது, அடுத்த வாரம் எதை மாற்றலாம் என்பதோடு நிறுத்த வேண்டும். இதற்கான நேரத்தையும் சம்பளத்தையும் தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் எழுதாவிட்டால் மூன்றாம் வாரத்தில் இந்தக் கூட்டம்தான் முதலில் ரத்தாகும்.

யாருக்கு இந்தத் தொகுப்பு பொருந்தும்? வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்கும் கணக்கெடுப்புக்கு இதைவிட நல்லது இல்லை. ஆழ்ந்த உரையாடல் வழி ஆய்வு செய்பவர்களுக்கு, பாதி சொல்லி நிறுத்திய கதையைக் குழுவாக முடிக்கச் சொல்வது, உறவுகளை வட்டங்களாக வரைவது போன்ற 2005 நூலின் உத்திகள் பயன்படும். முழு நூலும் தேவைப்படாது. குழந்தைகளிடமோ ஆண்களிடமோ பேசப் போகும் குழுவுக்கு அறநெறிப் பகுதி மட்டும் போதும், மற்றதை வேறு இடத்தில் தேட வேண்டும். ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால் வன்முறைப் பகுதியை வினாத்தாளிலிருந்து எடுத்துவிட்டு மற்றதைக் கேளுங்கள்.